வடிவமும் உரிமையும்: தட்ரா 77 மோட்டார் வண்டியின் செல்வாக்குப் பற்றிய சில குறிப்புகள்

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பெருவழி வட்டவளையை ஊடறுத்துச் செல்கிறது. இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 5000 மில்லிமீற்றர் மழை இங்கு பொழிகிறது. 1990களில் நாம் சிறுவராய் இருந்த காலத்தில், தோட்ட மருந்தகத்துக்கு வாரம் ஒருமுறை வந்துசென்ற வைத்தியர் ஒருவரிடம் பழைய வொக்ஸ்வகன் கார் ஒன்று இருந்தது. ஆனி, ஆடி மாத மழையில் ஏனைய வண்டிகள் சேற்றிற் சக்கரம் சுழன்று நிற்க, அந்தக் கார் மட்டும் பிரட்டுக்களத்தை அடுத்த செங்குத்தான வளைவில் எப்படியோ ஏறிவிடும். ஏறாத நாட்களிலே தள்ளிவிடுவதற்கு லயத்துப் பிள்ளைகளாகிய நாம் இருந்தோம். அதன் எஞ்சின் பின்னால் இருக்கின்றது என்பதையும், முன்மூடியைத் திறந்தால் மருந்துப் பெட்டியும் மாற்றுச் சக்கரமும் மட்டுமே இருக்கும் என்பதையும் முதன்முதலில் அறிந்தபோது, யாரோ நம்மை ஏமாற்றிவிட்டதாகவே தோன்றியது. முன்னே இருக்கவேண்டியது பின்னே இருப்பதற்குக் காரணம் என்னவென்று அன்று கேட்டோம். காரோட்டி அண்ணன், "அது ஹிற்லர் செய்த கார், அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்த விடை பிழையானது. ஆயினும் அது அவர் ஒருவரின் பிழையன்று. உலகின் பெரும்பகுதி அரை நூற்றாண்டுக்கு மேலாக அதையோ, அதன் சற்றே நாகரிகமான வடிவமாகிய "போர்ஷே செய்த கார்" என்பதையோ நம்பி வந்திருக்கிறது. ஒரு வடிவம் யாருடையது என்னும் வினாவுக்கு அதிகாரம் தந்த விடையையே காரோட்டியும் திருப்பிச் சொன்னார். அந்த விடை எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்காக நாம் செல்லவேண்டிய இடம் செக் நாட்டின் மொறாவியாப் பகுதியிலுள்ள கொப்ரிவ்னிட்சே என்னும் சிறு தொழில்நகரம். செல்லவேண்டிய ஆண்டு 1934.

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கக்கூடும். இலக்கிய ஆராய்ச்சியாளராகிய நாம் "செல்வாக்கு" என்னும் சொல்லை மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஒரு புலவர் மற்றொருவரைப் பின்பற்றினார் என்கிறோம். ஒரு நாவல் இன்னொன்றின் தழுவல் என்கிறோம். ஆனால் அச்சொல்லுக்குள் உடைமை பற்றிய வினா ஒன்று பதுங்கியிருப்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பொறியியலிலோ அது பதுங்கியிருப்பதில்லை. அங்கே செல்வாக்கு என்பது காப்புரிமைப் பத்திரமாகவும் வழக்காகவும் நட்டஈடாகவும் சில சமயங்களிற் சிறைத்தண்டனையாகவும் வெளிப்படுகின்றது. இலக்கியத்தில் மங்கலாகத் தெரிவது இங்கே பச்சையாகத் தெரிகிறது.

முதலில் வடிவம் பற்றிச் சில கூறுதல் வேண்டும். தொடக்ககால மோட்டார் வண்டி, குதிரை அவிழ்க்கப்பட்ட குதிரை வண்டியே. குதிரை நின்ற இடத்தில் இயந்திரத்தை வைக்கும் முறை விரைவில் நிலைபெற்றது; நீண்ட சுழல்தண்டு ஒன்று அதன் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு சென்றது. அத்தண்டின் மேலே தளம், தளத்தின் மேலே இருக்கை, அதன் மேலே பெட்டி போன்ற கூரை என்று வண்டி உயர்ந்தது. வேகம் குறைவாக இருந்தவரை இப்பெட்டி வடிவம் யாருக்கும் இடையூறாகத் தோன்றவில்லை. உற்பத்திச் சக்திகள் மாறியபின்னும் பழைய வடிவங்கள் பழக்கத்தின் வலிமையால் நிலைத்திருப்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. நமது தொடக்ககால நாவல்கள் அச்சு யுகத்திற் பிறந்தும் கதாகாலட்சேபத்தின் நடையை விட முடியாமல் தவித்ததை ஒருகணம் நினைவுகூரலாம்.

அப்பழக்கத்தை உடைத்தவர்கள் கார் செய்வோர் அல்லர், வானூர்தி செய்வோர். முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி, வேர்சாய் உடன்படிக்கையால் வானூர்தித் தொழிலைக் கைவிட நேர்ந்தது. வேலையிழந்த வானூர்திப் பொறியியலாளர் பலர் தரையை நோக்கித் திரும்பினர். வியன்னாவிற் பிறந்த எட்மண்ட் றும்ப்லர் 1921இல் பேர்லின் கண்காட்சியில் வைத்த "துளி வண்டி" இவ்வகையில் முதன்மையானது. மேலிருந்து நோக்கினால் நீர்த்துளி போன்ற உடல். இயந்திரம் பயணிகளுக்குப் பின்னால். ஏறத்தாழ நூறு வண்டிகளே செய்யப்பட்டன. வாங்குவோர் அதனைக் கண்டு சிரித்தனர். 1979இல் வொக்ஸ்வகன் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் அதைச் சோதித்தபோது காற்றுத்தடைக் குணகம் 0.28 எனக் கணிக்கப்பட்டது. அன்றைய புதிய கார்களிற் பெரும்பாலானவை எட்டாத அளவு அது.

அதே 1921இல் போல் ஜாரே தமது காப்புரிமை விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார். இவரும் வியன்னாவிற் பிறந்தவர், ஹங்கேரிய யூத மரபினர். செப்பலின் நிறுவனத்தில் வான்கப்பல்களின் வடிவத்தைக் காற்றுச் சுரங்கத்திற் சோதித்துச் சீராக்கியவர். 1919இல் பறந்த "போடன்சே" என்னும் வான்கப்பலின் வடிவமைப்பில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தரையில் ஓடும் பொருளைச் சுற்றிக் காற்று எவ்வாறு பாய்கிறது என்பது வானிற் பறக்கும் பொருளின் நிலையிலிருந்து வேறுபட்டது என அவர் கண்டார். முழுத் துளி வடிவம் தரையருகே பயன்படாது. நீளவாக்கில் வெட்டிய பாதித் துளியே பொருந்தும். அதன் மேலே பயணிகளுக்கான சிறிய துளி ஒன்று அமரவேண்டும். பின்பகுதி நீண்டு சரிந்து மெலிய வேண்டும். இதுவே அவருடைய கொள்கையின் சாரம். காரின் முன்புறமே காற்றைக் கிழிக்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், பின்புறமே காற்றைக் குழப்பித் தடையை உண்டாக்குகிறது என்று அவர் காட்டினார்.

இங்கேதான் கொப்ரிவ்னிட்சே வருகின்றது. அங்கிருந்த வண்டித் தொழிற்சாலை ஹப்ஸ்பேர்க் பேரரசின் காலத்தில் குதிரை வண்டியும் இரயில் பெட்டியும் செய்தது. பேரரசு சிதைந்து செக்கோஸ்லோவாக்கியா தோன்றியபின் தட்ரா என்னும் பெயர் பெற்றது. அதன் தலைமைப் பொறியியலாளர் ஹான்ஸ் லெட்விங்கா 1878இல் வியன்னாவை அடுத்த குளோஸ்ரர்நொய்பேர்க்கிற் பிறந்தவர். 1923இல் அவர் ஆக்கிய தட்ரா 11 எளிய வண்டிதான். ஆயினும் அதன் எலும்பமைப்பு முற்றிலும் புதியது: நடுவே முதுகெலும்பு போன்ற ஒற்றைக் குழாய், தனித்தனியே மேலும் கீழும் அசையும் பின் அரை அச்சுகள், நீர் வேண்டாது காற்றினாற் குளிரும் இயந்திரம். கரடுமுரடான மலைப்பாதைகளும் உறைபனியும் கொண்ட நாட்டுக்கு ஏற்ற வண்டி அது. நமது மலைநாட்டின் தோட்டப் பாதைகளை அறிந்தோர் அதன் பொருத்தத்தை உடனே உணர்வர்.

1931க்கும் 1933க்கும் இடையில் லெட்விங்காவின் குழுவினர் வி 570 என்னும் சோதனை வண்டிகளைச் செய்தனர். சிறியவை, மலிவாக விற்கக் கருதப்பட்டவை, இயந்திரம் பின்னால், உடல் வளைந்து சரிந்தது. இன்று அதன் படத்தைக் காண்போர் எவரும் அதை வொக்ஸ்வகன் என்றே சொல்வர். ஆனால் நிறுவனம் சிறிய வண்டியை ஒதுக்கிவிட்டுப் பெரியதைத் தேர்ந்தது. லெட்விங்காவும் எரிக் ஊபெலாக்கரும் ஜாரேயின் கொள்கையைத் தழுவி உருவாக்கிய தட்ரா 77, 1934 மார்ச் மாதம் பிராகிலும் பேர்லினிலும் காட்சிக்கு வந்தது.

அவ்வண்டியின் சிறப்பு அலங்காரத்தில் இல்லை. அதன் தருக்கத்தில் உள்ளது. பின்புறம் நீண்டு சரியவேண்டும் என்று காற்று கட்டளையிடுகிறது. அந்தச் சரிவினடியிற் பயணி அமர முடியாது. எனவே இயந்திரம் அங்கே செல்கிறது. இயந்திரம் பின்னே சென்றதும் சுழல்தண்டு தேவையற்றுப் போகிறது, தளம் தாழ்கிறது, கூரையும் தாழ்கிறது, தாழ்ந்த வண்டியைக் காற்று மேலும் எளிதாகக் கடக்கிறது. இயந்திரம் காற்றினாற் குளிர்வதால் முன்னே நீர்க்கலமும் அதற்கான திறந்த வாயும் வேண்டியதில்லை. மூக்கு வழவழப்பாக உருள்கிறது. ஒரு முடிவு மற்றொன்றைப் பிறப்பிக்கும் இந்த ஒழுங்கை நோக்கும்போது, உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று நிருணயிக்கும் என்று நாம் வகுப்பறையிற் சொல்லும் கூற்று வெறும் வாய்ப்பாடு அன்று என்பது புலனாகும். மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைந்த, எட்டு உருளைகள் வி வடிவில் அமைந்த இயந்திரம். ஆற்றல் 60 குதிரைவலு மட்டுமே. ஆயினும் அது மணிக்கு 140 கிலோமீற்றருக்கு மேல் ஓடிற்று. அக்காலத்துப் பெட்டிக் கார்கள் அந்த வேகத்தை எட்ட இதைவிட ஆற்றல் மிகுந்த இயந்திரங்களை நாடின.

குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. பின்பாரம் மிகுந்தமையால் வேகமாக வளைவெடுக்கும்போது வால் வெளியே வீசும். பக்கக் காற்றில் வண்டி தடுமாறாதிருக்க முதுகிலே மீன்செதில் போன்ற நிமிர்ந்த தகடு பொருத்தப்பட்டது. பின் கண்ணாடியின் இடத்தைக் காற்று உறிஞ்சும் பிளவுகள் பிடித்துக்கொண்டதால் ஓட்டுநருக்குப் பின்னால் வருவது சரிவரத் தெரியாது. விலையோ செல்வந்தருக்கே எட்டியது. 1938 வரை தட்ரா 77உம் அதன் திருத்திய வடிவமாகிய 77அ வண்டியும் சேர்த்து ஏறத்தாழ 250 மட்டுமே வெளிவந்தன. 1936இல் தொடங்கிய தட்ரா 87 இக்குறைகள் சிலவற்றைத் தீர்த்தது. ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகள் செய்யப்பட்டன. அதே ஆண்டில் வந்த தட்ரா 97, நான்கு உருளைகள் கிடையாக எதிரெதிரே படுத்த காற்றுக்குளிர் இயந்திரத்தைப் பின்னே கொண்டிருந்தது. நமது கதைக்கு இதுவே முக்கியமானது.

1934 மார்ச்சில் தட்ரா 77 நின்ற அதே பேர்லின் கண்காட்சியைத் திறந்துவைத்து, சாதாரண மக்களுக்கான மலிவுக் கார் வேண்டும் என ஹிற்லர் முழங்கினார். அவ்வாண்டு யூன் 22ஆந் திகதி பேர்டினண்ட் போர்ஷேயிடம் அப்பணி ஒப்பந்தமாக ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆக்கிய வண்டியில் நடுவே முதுகெலும்புக் குழாய் இருந்தது. அசையும் அரை அச்சுகள் இருந்தன. பின்னே நான்கு உருளைக் காற்றுக்குளிர் இயந்திரம் இருந்தது. வளைந்து சரியும் முதுகு இருந்தது. போர்ஷே திறமையற்றவர் என்றோ எல்லாவற்றையும் களவாடினார் என்றோ கூறுவது எமது கருத்தன்று. இவ்வெண்ணங்கள் அக்காலத்தில் மத்திய ஐரோப்பாவின் பொறியியலாளரிடையே பொதுவாக உலவின. போர்ஷேயும் லெட்விங்காவும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எமது வினா வேறு: பலரிடையே உலவிய ஒன்று எவ்வாறு ஒருவர் பெயரில் முடிந்தது?

ஜோசெப் கான்ஸ் என்னும் பொறியியலாளரின் கதை இதற்கு ஒரு பகுதி விடையைத் தரும். 1898இல் புடாபெஸ்ற்றிற் பிறந்த யூதரான இவர், ஜேர்மனியில் ஒரு மோட்டார் விமர்சன இதழின் ஆசிரியராக இருந்து பெட்டிக் கார்களையும் அவற்றைச் செய்த பெருநிறுவனங்களையும் ஓயாது சாடினார். மக்களுக்கு உகந்த இலேசான கார் வேண்டும் என வாதாடினார். தாமே அத்தகைய வண்டி ஒன்றை வடிவமைத்தார். அதன் வழியில் ஸ்ராண்டர்ட் என்னும் நிறுவனம் ஆக்கிய சிறு கார் 1933 பேர்லின் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கெஸ்ராப்போ அவரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு ஓடியவர், கடைசியில் அவுஸ்திரேலியாவில் 1967இல் இறந்தார். துளி வண்டியின் றும்ப்லரும் யூதர் என்பதால் 1933இற் சிறைப்படுத்தப்பட்டுத் தொழிலை இழந்தார், 1940இற் காலமானார். ஜாரே அதற்கு முன்னரே சுவிற்சர்லாந்தில் குடியேறியிருந்தார். இவ்வாறாக, "ஆரிய மேதையின் படைப்பு" என்று பறைசாற்றப்பட்ட ஒரு வடிவத்தின் மூதாதையரில் மூவர் யூத மரபினர். அவர்களை அகற்றிய பின்னரே அந்த வடிவத்துக்கு ஒற்றைத் தந்தை கிடைத்தார்.

தட்ராவின் கணக்கு வேறு வகையில் தீர்க்கப்பட்டது. தம் காப்புரிமைகள் மீறப்பட்டன என்று நிறுவனம் கோரியது. 1938 ஒக்ரோபரில் மியூனிக் உடன்படிக்கையின் பயனாகக் கொப்ரிவ்னிட்சே ஜேர்மனியுடன் இணைக்கப்பட்டது. 1939 மார்ச்சில் எஞ்சிய செக் நாடும் ஆக்கிரமிக்கப்பட்டது. வழக்காளியின் ஊரையே எதிராளி கைப்பற்றியபின் வழக்கு எங்கே நிற்கும்? தட்ரா 97 உற்பத்தி நிறுத்தப்பட்டது. போர் முடிந்தபின் பழைய உரிமையாளர் தரப்பு மீண்டும் கோரிக்கை எழுப்ப, 1960களில் வொக்ஸ்வகன் நிறுவனம் பணம் கொடுத்து இணக்கம் செய்தது. அந்தப் பணம் முதலாளிக் குடும்பத்தின் நிறுவனத்துக்குச் சென்றது. வரைபலகையில் நின்றவர்களுக்கு அன்று.

இதுவரை கூறியவை பொறியியலாளர் பற்றியவை. வண்டிக்குக் காசு கொடுத்தவர்களின் கதை இதனினும் கசப்பானது. மக்கள் காரின் தொழிற்சாலைக்கு 1938 மே 26ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கான முதலீட்டில், 1933 மே 2ஆந் திகதி நாற்சிகள் நசுக்கிய தொழிற்சங்கங்களிடமிருந்து பறித்த சொத்தும் அடங்கும். தொழிலாளர் தம் போராட்டங்களுக்காகச் சேர்த்த நிதி, தொழிலாளருக்குக் கார் தருவதாகச் சொன்ன ஆலைக்கு அத்திவாரமாயிற்று. வண்டியின் விலை 990 மார்க். வாரந்தோறும் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டவேண்டும். அட்டை நிரம்பினால் கார். சேமிப்புக்கு வட்டி கிடையாது. ஏறத்தாழ 336,000 பேர் சேர்ந்தனர். 27 கோடி மார்க்குக்கு மேல் திரண்டது. அவர்களில் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்கீழ் கார் கிடைக்கவில்லை. முத்திரை ஒட்டியவர்களிற் பெரும்பாலோர் நடுத்தர வகுப்பினரே என்றும், உண்மையான ஆலைத் தொழிலாளருக்கு அந்த 5 மார்க்கும் எட்டாததாகவே இருந்தது என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. போர் தொடங்கியதும் ஆலை இராணுவ வண்டிகளைச் செய்தது. போர்க்கைதிகளும் வதைமுகாம் சிறையாளரும் நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். முத்திரைச் சேமிப்பாளர் தொடுத்த வழக்கு 1961இல் இணக்கத்தில் முடிந்தது: புதிய கார் வாங்கினால் 600 மார்க் வரை கழிவு, வேண்டாமெனில் கையில் 100 மார்க்.

அந்த முத்திரை அட்டையின் படத்தை முதன்முதலிற் கண்டபோது, மலையகத்தவராகிய நமக்குத் "துண்டு" நினைவுக்கு வந்தது. தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனைக் குறித்து, அதைத் தீர்த்தால் வேறு தோட்டம் அவனை ஏற்கலாம் எனத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. சீட்டு கைமாறும்போது கடனோடு ஆளும் கைமாறினான். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுப் பிழை. துண்டு கடந்தகாலக் கடனால் உழைப்பைக் கட்டியது, முத்திரை அட்டை வருங்கால ஆசையால் கட்டியது. ஆனால் இரண்டிலும் காகிதம் உழைப்பாளியின் கையில் இருக்க, கணக்கு வேறொருவர் கையில் இருந்தது.

போர்க்கு பிந்திய தட்ராவின் வரலாறு முற்போக்காளராகிய நமக்கு ஆறுதல் தருவதன்று. அதனாலேயே அதைச் சொல்லவேண்டியுள்ளது. நிறுவனம் அரசுடைமை ஆக்கப்பட்டது. ஆக்கிரமிப்பாளருக்கு ஒத்துழைத்தார் என்னும் குற்றச்சாட்டில் லெட்விங்கா 1945 முதல் 1951 வரை சிறையிலிருந்தார். விடுதலையானபின் அங்கு தங்காது வெளியேறி, கான்ஸ் இறந்த அதே 1967இல் மியூனிக்கில் இறந்தார். 1992இலேயே நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவராக்கியது. தொழிற்சாலையோ அவருடைய வடிவத்தைக் கைவிடவில்லை. 1956 முதல் 1975 வரை வெளிவந்த தட்ரா 603, பின் இயந்திரமும் உருண்ட உடலும் கொண்ட அழகிய வண்டி. ஆனால் அது கட்சி, அரசு, தொழிற்றுறைத் தலைவர்களுக்கே ஒதுக்கப்பட்டது. சாதாரணக் குடிமகன் வாங்கக்கூடியதன்று. உற்பத்திச் சாதனத்தின் உடைமை மாறியது. பொருள் யாரைச் சென்றடைகிறது என்பது மாறவில்லை. உடைமை உறவைச் சட்டத்தில் மாற்றிவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று எண்ணுவோர் இவ்வண்டியைச் சிறிது நேரம் நோக்குதல் நன்று. 1970களில் நமது தோட்டங்கள் அரசுடைமையானபின்னும் லயங்கள் லயங்களாகவே இருந்ததை அறிந்த நமக்கு இது புதிய பாடமன்று.

இலங்கையோடு தட்ராவுக்கு ஒரு தொடர்பு உண்டு. தட்ரா 87 ஒன்றில் 1947 முதல் 1950 வரை ஆபிரிக்காவையும் இலத்தீன் அமெரிக்காவையும் சுற்றிய ஜிரி ஹன்சல்கா, மிரொஸ்லாவ் சிக்முண்ட் என்னும் இரு செக் பயண எழுத்தாளர், 1959இல் தொடங்கிய இரண்டாம் பயணத்தில் தட்ரா 805 லொறிகளில் ஆசியாவுக்கு வந்தனர். இலங்கைப் பயணம் பற்றி அவர்கள் எழுதிய நூலின் தலைப்பு, இந்நாட்டைத் தேவதைகள் இல்லாச் சொர்க்கம் என்று சுட்டுகிறது. 1968இல் சோவியத் படையெடுப்பை எதிர்த்தமையால் அவர்கள் எழுதத் தடைவிதிக்கப்பட்டனர். இந்நூலும் முதலில் இரகசியப் படிகளாகவே உலவிப் பின்னர் 1991இல் வெளிவந்தது. தட்ராவின் புகழை உலகெங்கும் பரப்பியவர்களும் அந்நாட்டு அதிகாரத்தால் மௌனிக்கப்பட்டனர்.

தட்ராவும் வொக்ஸ்வகனும் தொடக்கிய வழியிற் பிற்காலத்தில் வந்தவற்றை விரைவாகக் கடந்து செல்லலாம். பிரான்சின் ரெனோ 4சிவி, சோவியத் ஒன்றியத்தின் சப்பரோசெட்ஸ், பிரித்தானியாவின் ஹில்மன் இம்ப், அமெரிக்காவின் கோர்வேர் எனப் பின் இயந்திரக் கார்கள் 1940களிலிருந்து 1960கள் வரை பெருகின. கோர்வேரின் வால்வீச்சு 1965இல் றால்ப் நேடரின் கடும் கண்டனத்துக்கு இலக்காயிற்று. முப்பதாண்டுகளுக்கு முன் தட்ரா 77இற் கண்ட அதே குறை. இயந்திரத்தைக் குறுக்காக முன்னே வைத்து முன்சக்கரங்களை இயக்கும் முறை பரவியபின் இவ்வமைப்பு படிப்படியாக ஒதுங்கியது. வொக்ஸ்வகன் மட்டும் 2003 யூலை வரை மெக்சிக்கோவில் செய்யப்பட்டது. மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேல்.

ஆனால் நமது பிரதேசத்தில் பின் இயந்திரம் மீண்டும் ஒருமுறை மக்கள் காராக வந்தது. 2008 சனவரி 10ஆந் திகதி புதுதில்லியில் டாட்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய நானோ, 624 கன சென்ரிமீற்றர் கொண்ட இரு உருளை இயந்திரத்தைப் பின்னே வைத்திருந்தது. விலை ஒரு இலட்சம் இந்திய ரூபா என அறிவிக்கப்பட்டது. (தட்ரா, டாட்டா என்னும் பெயர்களின் ஒலி ஒற்றுமை தற்செயலானது, நமது மாணவர் சிலர் இதிலே வேர்ச்சொல் தேட முனைவர் என்பதால் இதைக் கூறி வைக்கிறோம்.) இங்கே தட்ராவின் நேரடிச் செல்வாக்கைத் தேடுவது வீண். சங்கப் பாடலையும் ஹோமரையும் ஒப்பிட்ட பேராசிரியர் கைலாசபதி, ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று வாதிடவில்லை. ஒத்த சமுதாய நிலைகள் ஒத்த வடிவங்களைப் பிறப்பிக்கும் என்பதையே காட்டினார். மலிவு, எளிமை, உள்ளிடம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டப்படும்போது இயந்திரம் பின்னே நகர்கிறது.

ஒத்த வடிவம் ஒத்த வினாவையும் கொண்டுவந்தது. நானோ ஆலைக்காக மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் 997 ஏக்கர் விளைநிலத்தைக் கையகப்படுத்தியது வேறெந்த அரசுமன்று, மார்க்சியக் கம்யூனிஸ்ட் கட்சி தலைமை தாங்கிய இடது முன்னணி அரசு. கையாண்ட சட்டம் 1894ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம். உழவரும் கூலி விவசாயிகளும் எதிர்த்தெழ, 2008 ஒக்ரோபரில் டாட்டா ஆலையைக் குஜராத்துக்கு மாற்றியது. 2016இல் இந்திய உச்சநீதிமன்றம் அந்நிலப் பறிப்பைச் செல்லாதென்றது. 2018இல் நானோ உற்பத்தி நின்றுபோயிற்று. தொழில்மயமாக்கம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. யாருடைய நிலத்தில், யாரைக் கேட்டு என்பதே வினா. அவ்வினாவை எழுப்பவேண்டிய இடத்தில் இருந்தவர்களே அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்களாய் நின்றது நமது தலைமுறை இடதுசாரிகளின் துயரம்.

வட்டவளைக்கும் இதற்கும் உள்ள தொலைவு நாம் எண்ணுவதிலும் குறைவு. 1990களில் அரசுத் தோட்டங்கள் மீண்டும் தனியார் முகாமைக்குச் சென்றபோது, இவ்வூரின் பெயரையே தாங்கிய பெருந்தோட்டக் கம்பனியின் முகாமையில் டாட்டாவின் தேயிலை நிறுவனமும் சில காலம் பங்கு கொண்டிருந்தது. சிங்கூர் உழவனும் வட்டவளைக் கொழுந்துப் பறிப்பாளரும் ஒரே குழுமத்தின் பேரேட்டின் இரு பக்கங்களில் எழுதப்பட்டிருந்தனர். ஒருவர் மற்றவரை அறியார். நானோ கார் 2010களில் கொழும்பில் வாடகை வண்டியாக ஓடியது. அதை ஓட்டிப் பிழைத்தவர்களுள் மலையகத்திலிருந்து சென்ற இளைஞரும் இருந்தனர்.

மூலதனத்தின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் பொது உழைப்பு என்றும் கூட்டு உழைப்பு என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டுவார். ஒரே களத்திற் பலர் சேர்ந்து செய்வது கூட்டு உழைப்பு. அறிவியற் கண்டுபிடிப்பும் புத்தாக்கமும் பொது உழைப்பு. அதில் உயிரோடிருப்போரின் ஒத்துழைப்பும் மறைந்தோரின் உழைப்பும் கலந்திருக்கும். முன்னோடிகள் நொடித்துப்போக, பின்வரும் பணமுதலே அதன் பெரும்பயனை அடையும் என்றும் அவர் குறிப்பிடுவார். தட்ராவின் வரலாறு இக்கூற்றின் விளக்கவுரை போல உள்ளது. ஆனால் மார்க்ஸ் சொன்ன பொது உழைப்பின் எல்லையைப் பொறியியலாளரோடு நிறுத்திவிடலாகாது என்பது எமது கருத்து.

காரணம், அந்த வைத்தியரின் வொக்ஸ்வகன். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை நீடித்த அந்த வறட்சியில், இருந்த வண்டிகளை ஓடவைப்பதே பெருங்கலையாயிற்று. வெளிநாட்டு உதிரிப்பாகம் கிடையாது. ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் இருந்த கராச்சுகளில், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களிலே தொழில் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் பித்தளையைக் கடைந்தும் பழைய இரும்பை உருக்கியும் பாகங்கள் செய்தனர். வைத்தியரின் கார் எஞ்சினைக் காற்றுத்தான் குளிர்விக்கும். வட்டவளையிலோ காற்றோடு மழையும் கலந்தே வரும். பின்மூடியின் பிளவுகள் வழியே நீர் இறங்கி மின்பொறியை அணைத்துவிடுவதைத் தடுக்க, தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டும் ஈயத்தகட்டை வளைத்து உட்புறத்தில் ஒரு மறைப்பை யாரோ ஒரு மெக்கானிக் பொருத்தியிருந்தார். மழை அதன்மேல் வழிந்து பக்கத்தால் இறங்கும். காற்று அடியால் நுழையும். நாம் காரைத் தள்ளும்போது கைவைத்த இடத்துக்கு நேர் உள்ளே அத்தகடு இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கார் கொழும்பிலுள்ள பழங்கார் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்கப்பட்டது. 2020 முதல் 2025 வரை மீண்டும் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்த நேரம். மூலவடிவத்துக்கு மீட்கும் வேலையில் முதலிற் கழற்றி எறியப்பட்டது அந்த ஈயத்தகடு என அறிந்தோம். அது மூல வடிவத்தைச் சேர்ந்ததன்று என்பது காரணம். அதைச் செய்தவரின் பெயரை ஹட்டனில் விசாரித்தோம். மூன்று பெயர்கள் சொன்னார்கள்.